ஒரு பெயரை எத்தனை முறை எழுதுவது?

ஜூனில் பள்ளி திறந்ததும் வகுப்பாசிரியர் கையில் ஒரு பெயர்ப் பட்டியல் வரும். அந்தப் பெயர்களை அவர் வருகைப் பதிவேட்டில் எழுதுவார். மதிப்பெண் பதிவேட்டில் எழுதுவார். விலையில்லாப் பாடநூல் வாங்கியோர் பட்டியல், சீருடை அளவுப் பட்டியல், பஸ் பாஸ் பட்டியல், உதவித்தொகைப் பட்டியல், வங்கிக் கணக்குப் பட்டியல், மருத்துவக் குழு வந்தால் அவர்களுக்கு ஒரு பட்டியல், பத்தாம் வகுப்பாக இருந்தால் பொதுத் தேர்வுக்கான நாமினல் ரோல். இதற்கு நடுவே, ஏற்கெனவே கொடுத்த விவரத்தையே தலைப்புகளின் வரிசையை மாற்றி, மதியம் இரண்டு மணிக்குள் வேண்டும் என்று கேட்டு வாட்ஸப்பில் ஒரு செய்தி வரும். மூன்றாவது பீரியடில் யாப்பு நடத்திக்கொண்டிருப்பவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு மறுபடி நாற்பது பெயர்களை எழுத உட்காருவார்.

திருவண்ணாமலை மாவட்டத்து அரசு உயர்நிலைப் பள்ளிகளில் தமிழாசிரியையாக இருந்து வருகிறேன். பெரும்பாலான ஆண்டுகளில் பத்தாம் வகுப்புக்கு வகுப்பாசிரியரும் நான்தான். பயிற்சி வகுப்புகளுக்குப் போகும்போதெல்லாம் புதிதாக ஒரு செயலியைக் காட்டுவார்கள். பாடத்தைப் படமாக்குவது ஒன்று, படத்தைப் பாட்டாக்குவது ஒன்று. ஊர் திரும்பியதும் அவற்றில் பாதி மறந்துவிடும், மீதிக்கு பாஸ்வேர்டு மறந்துவிடும். ஆசிரியருக்குக் கணினி செய்யக்கூடிய பெரிய உதவி, ஒருமுறை எழுதியதை மறுமுறை எழுத வைக்காமல் இருப்பது. அதற்கு எல்லோர் செல்போனிலும் ஏற்கெனவே இருக்கிற நான்கைந்து கருவிகளே போதும். அவற்றை அடிவரை பழகிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

முதலாவது கூகுள் ஷீட்ஸ். எக்செல் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. இணையத்தில் இருப்பதால் பள்ளிக் கணினியில் தொடங்கியதை பஸ்ஸில் செல்போனில் பார்த்து முடிக்கலாம் என்பது கூடுதல் வசதி. ஜூன் முதல் வாரத்தில் நான் ஒரு தாய்ப் பட்டியல் போடுகிறேன். ஒரு பிள்ளைக்கு ஒரு வரி. பெயர் தமிழில் ஒரு பத்தி, ஆங்கிலத்தில் ஒரு பத்தி, இனிஷியல் தனிப் பத்தி. பிறந்த தேதி, தந்தை பெயர், தாய் பெயர், செல்போன் எண், இனம், ஊர், ஏறி வரும் பஸ் நிறுத்தம், வங்கிக் கணக்கு எண், சட்டை அளவு, செருப்பு அளவு. ஆண்டு முழுவதும் யார் என்ன கேட்டாலும் இதிலிருந்து வேண்டிய பத்திகளை மட்டும் எடுத்துக் கொடுத்துவிடலாம். பஸ் பாஸ் பட்டியலுக்குப் பெயர், ஊர், நிறுத்தம். உதவித்தொகைக்குப் பெயர், இனம், கணக்கு எண். வடிகட்டி என்றொரு வசதி அதிலேயே இருக்கிறது. அதைத் தட்டினால் குறிப்பிட்ட ஊர்ப் பிள்ளைகள் மட்டும், குறிப்பிட்ட பிரிவுப் பிள்ளைகள் மட்டும் நொடியில் நிற்பார்கள்.

இனிஷியலுக்குத் தனிப் பத்தி வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு படிவம் இனிஷியலைப் பெயருக்கு முன்னால் கேட்கும், இன்னொன்று பின்னால் கேட்கும், மூன்றாவது இனிஷியலே வேண்டாம் என்று சொல்லும். தனியாக வைத்திருந்தால் எப்படி வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். சேர்த்து எழுதிவிட்டால் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

ஆங்கிலப் பெயர்ப் பத்தியைக் கையால்தான் நிரப்ப வேண்டும். ஷீட்ஸில் மொழிபெயர்க்கும் சூத்திரம் இருக்கிறதே என்று அதைக் கையாண்டால், அது பெயரின் பொருளைத்தான் பெயர்க்கும். மலர் என்ற பிள்ளையை ‘ஃபிளவர்’ என்றும் முத்துவை ‘பேர்ல்’ என்றும் எழுதி வைக்கும். அது நாமினல் ரோல் வரை போய்ச் சேர்ந்தால் சான்றிதழைத் திருத்த அந்தக் குடும்பம் எத்தனை அலுவலகப் படி ஏற வேண்டியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் பார்த்து ஒருமுறை அடிக்க வேண்டும். அடித்த பிறகு பிள்ளையிடமும் பெற்றோரிடமும் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். ஜூனில் செலவாகும் இந்த நேரம்தான் மற்ற மாதங்களை மிச்சப்படுத்துகிறது.

எண்களில் மூன்று ஆபத்துகள் உண்டு. பூஜ்யத்தில் தொடங்கும் கணக்கு எண்ணை அடித்தால் ஷீட்ஸ் அந்த முன் பூஜ்யத்தை விழுங்கிவிடும். 15 இலக்கத்துக்கு மேல் நீளும் எண்ணாக இருந்தால் அதற்குப் பிந்திய இலக்கங்களைப் பூஜ்யமாக்கிவிடும். இந்த இரண்டுக்கும் மருந்து ஒன்றே. எண்களை அடிப்பதற்கு முன்பே அந்தப் பத்தி முழுவதையும் தேர்ந்தெடுத்து, ‘ஃபார்மட்’ பட்டியலில் ‘பிளெயின் டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிடுங்கள். மூன்றாவது பிறந்த தேதி. புதிதாகத் திறக்கும் ஷீட் அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் வைத்துக்கொண்டிருக்கலாம். அப்போது ஜூன் 5-ஆம் தேதி பிறந்த பிள்ளை மே 6-ஆம் தேதி பிறந்ததாகப் பதிவாகும். திரையில் பார்த்தால் எண்கள் சரியாகவே தெரியும் என்பதால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ‘ஃபைல்’ பட்டியலில் ‘செட்டிங்ஸ்’ சென்று நாட்டை ‘இந்தியா’ என்று மாற்றிவிட்டுத்தான் முதல் தேதியை அடிக்க வேண்டும்.

மதிப்பெண்ணுக்கு வருவோம். கூட்டல், சராசரி, தேர்ச்சி பெற்றோர் எண்ணிக்கை இவற்றுக்குக் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்த காலம் போய்விட்டது என்று எல்லோருக்கும் தெரியும். தேர்வுக்கு வராத பிள்ளைக்கு என்ன போடுவது என்பதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். பூஜ்யம் போட்டால் வகுப்புச் சராசரி இறங்கிவிடும், தோல்வி அடைந்தோர் கணக்கிலும் அந்தப் பிள்ளை சேர்ந்துவிடும். ‘வரவில்லை’ என்று எழுத்தில் எழுதிவிடுங்கள். சராசரி காணும் சூத்திரம் எழுத்து இருக்கும் கட்டத்தைத் தாண்டிப் போய்விடும். 35-க்குக் கீழ் எத்தனை பேர் என்று எண்ணும் ‘கவுண்ட்இஃப்’ சூத்திரமும் எண்களை மட்டுமே பார்க்கும். ‘வரவில்லை’ என்ற சொல்லை எண்ணச் சொல்லி இன்னொரு ‘கவுண்ட்இஃப்’ போட்டால் வராதவர் எண்ணிக்கை தனியாகக் கிடைக்கும். ரிசல்ட் அனாலிசிஸ் படிவம் கேட்கும் மூன்று எண்களும் தயார்.

இன்னொரு பழக்கமும் எனக்கு உண்டு. பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் 100 மதிப்பெண் ஐந்து பகுதிகளாகப் பிரிந்திருக்கும். ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு 15, இரண்டு மதிப்பெண் வினாக்களுக்கு 18, மூன்று மதிப்பெண் வினாக்களுக்கு 18, ஐந்து மதிப்பெண் வினாக்களுக்கு 25, எட்டு மதிப்பெண் வினாக்களுக்கு 24. நான் மொத்த மதிப்பெண்ணை அடிப்பதில்லை. இந்த ஐந்தையும் ஐந்து பத்திகளில் அடிக்கிறேன், மொத்தத்தை ஷீட்ஸே போட்டுக்கொள்ளும். விடைத்தாளின் முகப்பில் எப்படியும் பகுதிவாரியாகக் கூட்டித்தான் வைத்திருப்போம், ஆகவே கூடுதல் வேலை மிகக் குறைவு. பிறகு ஒவ்வொரு பத்தியிலும் பாதிக்குக் கீழ் இருக்கும் கட்டங்கள் தானாகச் சிவப்பாகும்படி ‘கண்டிஷனல் ஃபார்மட்டிங்’ போட்டுவிடுகிறேன். ஒரு நிமிடத்தில் வகுப்பே கண்முன் விரியும்.

மெல்லக் கற்போர் என்று ஒரே பெயரிட்டு மாலை வகுப்பில் உட்கார வைக்கிறோமே, அவர்கள் ஒரே மாதிரியானவர்கள் அல்லர் என்பதை அந்தச் சிவப்புக் கட்டங்கள்தான் எனக்குக் காட்டின. 42 வாங்கிய இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருத்திக்கு எட்டு மதிப்பெண் பத்தி முழுச் சிவப்பு. நீளமாக எழுத அவளுக்குத் தெம்பு இல்லை, கேட்ட கேள்விக்கு வாயால் அழகாகப் பதில் சொல்வாள். இன்னொருவனுக்கு நெடுவினா சரியாக இருக்கும். மூன்று மதிப்பெண் பத்திதான் சிவப்பு. அலகிடுதலையும் அணியையும் பார்த்தாலே வினாவைத் தாண்டிப் போய்விடுகிறான். இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து ஒரே வினா விடையை மனப்பாடம் செய்யச் சொன்னால் இருவருக்கும் பயன் இல்லை. அவளுக்குத் தினம் ஒரு பத்தி எழுதும் பயிற்சி, இவனுக்கு நேரசை நிரையசை. மாலை வகுப்பில் அரை மணி நேரம்தான் கிடைக்கிறது. அந்த அரை மணியை யாருக்கு எதில் செலவிட வேண்டும் என்று இப்படித் தெரிந்துகொண்டேன்.

ஷீட்டைப் பல ஆசிரியர்கள் சேர்ந்து நிரப்பும்போது ஒரு விபத்து அடிக்கடி நடக்கும். யாரோ ஒருவர் பெயர்ப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து அகர வரிசைப்படுத்திவிடுவார். பெயர்கள் இடம் மாறும், மதிப்பெண்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். எங்கள் பள்ளியில் ஒரு காலாண்டுத் தேர்வின்போது இது நடந்து, கணக்கு சார் பதறிப்போய் வந்தார். “டீச்சர், நூறு வாங்கின பையனுக்கு பன்னிரண்டுன்னு காட்டுது, எல்லாம் போச்சு!” என்றார். “ஒண்ணும் போகல சார், உக்காருங்க” என்று சொல்லி ‘வெர்ஷன் ஹிஸ்டரி’யைத் திறந்து காட்டினேன். யார், எந்த நேரத்தில், எந்தக் கட்டத்தை மாற்றினார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். காலை பத்து மணி நிலைக்கு ஷீட்டைத் திருப்பிவைத்தோம். அன்றிலிருந்து பெயர்ப் பத்திகளைப் பூட்டிவிடுகிறோம். அவரவர் பாடப் பத்தியைத் தவிர மற்றதை அவரவரால் தொட முடியாதபடி ‘புரொடெக்ட்’ செய்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி.

தமிழாசிரியர்களுக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. அது எழுத்துரு. வானவில், பாமினி, செந்தமிழ் என்று ஆளுக்கொரு எழுத்துருவில் வினாத்தாள் அடித்து வைத்திருப்போம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். நல்ல வினாத்தாள்கள் எத்தனையோ இப்படி வீணாகியிருக்கின்றன. ஒருங்குறிக்கு மாறுவதைத் தவிர வேறு வழியில்லை. தமிழ்நாடு அரசு 2010-லேயே ஒருங்குறியைத் தரமாக ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பள்ளிகளுக்குப் பக்கத்திலுள்ள ஜெராக்ஸ் கடைகளில் இன்றும் பழைய எழுத்துருக்கள்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒருங்குறியில் அடித்தால் செல்போனில் தெரியும், வாட்ஸப்பில் போகும், தேடினால் அகப்படும். தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகையைப் பழகிக்கொள்ளுங்கள் என்று புதிதாக வேலைக்கு வரும் தம்பி தங்கைகளிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம். நம் இலக்கணப்படியே அமைந்த பலகை அது. சில வாரங்கள் விரல் தடுமாறும், அப்புறம் ஆயுள் முழுவதும் உழைக்கும்.

பழைய கோப்புகளை மீட்பதற்கு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கோப்பே இல்லை, அச்சிட்ட தாள்தான் இருக்கிறது என்றால் அதற்கும் வழி உண்டு. தாளை நல்ல வெளிச்சத்தில் நேராகப் படமெடுத்து கூகுள் டிரைவில் ஏற்றுங்கள். அந்தப் படத்தை ‘ஓப்பன் வித் கூகுள் டாக்ஸ்’ என்று திறந்தால் படமும் அதன் கீழே அதிலுள்ள எழுத்தும் ஒருங்குறியில் வந்து நிற்கும். செல்போனில் கூகுள் லென்ஸும் இதைச் செய்யும். பாடநூலின் பிடிஎஃப்பிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டினால் சில சமயம் எழுத்துகள் சிதறிப்போகும் அல்லவா? அங்கே நகலெடுக்க முயல வேண்டாம். அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து லென்ஸில் கொடுங்கள், சுத்தமாகக் கிடைக்கும். செய்யுளில் மட்டும் எச்சரிக்கை தேவை. சீர் பிரிப்பை அது குழப்பும், அடிகளை ஒன்றாக ஒட்டிவிடும். பாடநூலோடு வைத்து ஒப்பிடாமல் ஒரு செய்யுளையும் வினாத்தாளில் ஏற்றாதீர்கள்.

குரல்வழித் தட்டச்சைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் உண்டு. கூகுள் 2017 ஆகஸ்டில் தமிழையும் வேறு சில இந்திய மொழிகளையும் இதில் சேர்த்தது. அன்று முதல் சுற்றறிக்கை, பெற்றோர் கூட்டத் தீர்மானம், ஆண்டறிக்கை, விழா வரவேற்புரை எல்லாவற்றையும் பேசித்தான் எழுதுகிறேன். மதிய உணவு இடைவேளையில், பிள்ளைகள் சாப்பிடப் போன பிறகு, வகுப்பின் மின்விசிறியை நிறுத்திவிட்டு செல்போனை வாய்க்கருகே வைத்துக்கொண்டு பேசினால் ஒரு பக்கம் சில நிமிடங்களில் வந்துவிடும். ஆனால் அது ஒற்று போடும் விதம் நம் விதிக்குக் கட்டுப்படாது. மிக வேண்டிய இடத்தில் மிகாது, மிகக் கூடாத இடத்தில் மிகும். லகர ளகர ழகரங்களை நாம் எவ்வளவு திருத்தமாக உச்சரிக்கிறோமோ அவ்வளவு சரியாக அது எழுதும். இந்தக் காரணத்துக்காகவே அதை ஒரு முறை வகுப்பறைக்குள் கொண்டுபோனேன். பிள்ளைகளை ஒவ்வொருவராக ‘வாழைப்பழம்’ சொல்லச் சொன்னேன். திரையில் ‘வாளைப்பளம்’ என்று வந்தவர்கள் தாங்களாகவே மறுபடி மறுபடி சொல்லிப் பார்த்து ழகரத்தைப் பிடித்தார்கள். நான் வருடக்கணக்காகத் திருத்தியும் வராத நாக்கு, திரையில் ‘ழ’ வரவேண்டும் என்ற ஆசையில் மடங்கியது. நேரம் மிச்சம் என்று எடுத்த கருவி, பாடமாகவும் ஆகிவிட்டது.

வினாக்களைத் தாள் தாளாகச் சேமிக்காமல் வினா வினாவாகச் சேமிக்கிறேன். அதற்கும் ஷீட்ஸ்தான். ஒரு வரிக்கு ஒரு வினா. இயல், வினா வகை, மதிப்பெண், கடைசியாக எந்தத் தேர்வில் கேட்டேன், வகுப்பில் எத்தனை பேர் தடுமாறினார்கள் என்று பத்திகள். அரையாண்டு மாதிரித் தேர்வுக்கு வினாத்தாள் போட உட்கார்ந்தால், போன தேர்வில் கேட்காதது, பலர் தடுமாறியது என்று வடிகட்டி எடுத்துவிடலாம். பக்கத்துப் பள்ளித் தமிழாசிரியர்கள் சிலர் சேர்ந்து ஒரே ஷீட்டில் இதை வளர்த்து வருகிறோம். ஒருவர் எழுதிய வினாவை இன்னொருவர் செப்பம் செய்கிறார். தனியாக ஒருவர் சேர்க்க முடியாத அளவுக்கு அது வளர்ந்துவிட்டது.

வினா விடைகளைத் தானே எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இப்போது வந்திருக்கின்றன. கடிதத்துக்கு வாசகம் அமைக்க அவை உதவும். சங்கப் பாடலைக் கேட்டால் ஒரு புலவரின் பாட்டை இன்னொருவர் பெயரில் தருகின்றன, இல்லாத அடியை இருப்பதுபோல் எழுதுகின்றன. தமிழ்ப் பாடத்துக்கு நான் அவற்றை நம்பவில்லை, மற்றவர்களையும் நம்பச் சொல்ல மாட்டேன்.

பிள்ளைகள் கையில் செல்போன் இல்லாத வகுப்புக்கு என்ன செய்வது? கூகுள் ஃபார்மில் தேர்வு வைக்கலாம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பாவோடு பெங்களூருக்கு வேலைக்குப் போயிருக்கும். எங்கள் மாதிரிப் பள்ளிகளுக்குப் பொருந்துவது பிளிக்கர்ஸ். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை. அதில் கறுப்பு வெள்ளையில் ஒரு கட்ட வடிவம், நான்கு பக்கமும் நான்கு விடைக்குறிகள். கேள்வி கேட்டதும் சரியென்று நினைக்கும் விடைக்குறி மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். ஆசிரியர் தன் ஒரே செல்போனால் வகுப்பை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை காட்டினால், யார் என்ன விடை என்று பதிவாகிவிடும். ஒவ்வோர் அட்டையின் வடிவமும் வேறு என்பதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துக் காப்பியடிக்க வழியில்லை. அட்டைகளைக் கெட்டித் தாளில் அச்சடித்துக்கொள்ளுங்கள். பளபளக்கும் லேமினேஷன் வேண்டாம், வெளிச்சம் பட்டுக் கேமராவுக்குத் தெரியாது. ஒரு மதிப்பெண் வினாத் திருத்தத்துக்குப் போகும் மாலை நேரம் இதில் முழுதாக மிஞ்சும். கைதூக்கி விடை சொல்லக் கூசும் பிள்ளையும் இதில் அட்டையைத் தூக்குகிறது. எனக்கு அதுதான் பெரிது.

இனி வாட்ஸப். ஆசிரியரின் நேரத்தைக் காப்பதும் தின்பதும் இதுவே. வகுப்புப் பெற்றோர் குழுவில் நிர்வாகி மட்டுமே எழுத முடியும்படி அமைத்திருக்கிறேன். காலை வணக்கப் படங்களுக்கு நடுவே தேர்வு அட்டவணை தொலைந்துபோவது அதோடு நின்றது. அறிவிப்பை எழுத்தில் போட்ட பிறகு அதையே வாசித்துக் குரல் பதிவாகவும் போடுகிறேன். ஒரு தாய் சொன்னதுதான் காரணம். “டீச்சர், எழுத்துல போட்டா எனக்குப் படிக்க வராது. பையன் வந்து படிச்சுக் காட்டற வரைக்கும் காத்திருக்கணும். அவனுக்கு வேணும்கிறத மட்டும்தான் படிச்சுக் காட்டறான்.” முப்பது விநாடிக் குரல் பதிவு, அந்த அம்மாவைப் பிள்ளையின் தயவு இல்லாமல் பள்ளியோடு சேர்த்துவிட்டது. பெற்றோர் பலர் எழுத்தைவிடக் குரலுக்கே பதில் சொல்கிறார்கள், அதுவும் குரலிலேயே.

மதிப்பெண்களைக் குழுவில் போடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். முழு மதிப்பெண் பட்டியலையும் படமெடுத்துக் குழுவில் போட்டுவிடுவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. ஒரு நிமிட வேலைதான். ஆனால் கடைசியில் நிற்கும் பிள்ளையின் எண்ணைத் தெரு முழுவதும் பார்க்கிறது. மறுநாள் அந்தப் பிள்ளை பள்ளிக்கு வருவதில்லை. எத்தனை நேரம் மிச்சமானாலும் அந்த மிச்சம் வேண்டாம். ஒவ்வொரு பெற்றோருக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டும்.

அதற்கும் ஷீட்ஸில் வழி இருக்கிறது. தாய்ப் பட்டியலில் செல்போன் எண் இருக்கிறது, மதிப்பெண் இருக்கிறது. புதிதாக ஒரு பத்தியில், “வணக்கம்” என்ற சொல், பெயர் இருக்கும் கட்டம், “தமிழில்” என்ற சொல், மதிப்பெண் இருக்கும் கட்டம் என்று ‘&’ குறியால் கோத்து ஒரு வாக்கியம் அமைத்து, கீழே இழுத்துவிட்டால் வகுப்பிலுள்ள அத்தனை பேருக்கும் அவரவர் பெயரோடும் மதிப்பெண்ணோடும் செய்தி தயாராகிவிடும். அடுத்த பத்தியில் வாட்ஸப்பின் ‘டபிள்யூஏ.எம்ஈ’ இணைப்பைப் போடுங்கள். சாய்கோட்டுக்குப் பின் 91 சேர்த்த செல்போன் எண், பிறகு கேள்விக்குறி, ‘டெக்ஸ்ட்’ என்ற சொல், சமக்குறி, அதன்பின் ‘என்கோட்யூஆர்எல்’ சூத்திரத்துக்குள் அந்தச் செய்திக் கட்டம். இதையும் கீழே இழுத்துவிடுங்கள். செல்போனில் ஷீட்டைத் திறந்து ஒவ்வோர் இணைப்பாகத் தொட்டால், அந்தந்தப் பெற்றோரின் வாட்ஸப் செய்தி நிரம்பிய நிலையில் திறக்கும். அனுப்பு பொத்தானைத் தட்ட வேண்டியது மட்டும்தான் மிச்சம். எண்ணைத் தொடர்புகளில் சேமித்து வைக்க வேண்டிய தேவைகூட இல்லை.

நான் இன்னொரு பத்தியும் வைத்திருக்கிறேன். ‘ஒரு சொல்’ என்று தலைப்பு. விடைத்தாள் திருத்தும்போதே அந்தப் பிள்ளையைப் பற்றித் தோன்றுவதை ஒரே வரியில் எழுதிவிடுவேன். “கையெழுத்து முன்பைவிடத் தெளிவு.” “நெடுவினாவில் சொந்தமாக எழுதத் தொடங்கியிருக்கிறாள்.” “வீட்டில் இரவு வேலை இருக்கிறதா? முகம் வாடியிருக்கிறது.” செய்தி கோக்கும்போது அதுவும் சேர்ந்து போகும். பெற்றோர் எண்ணைவிட இந்த வரிக்குத்தான் பதில் எழுதுகிறார்கள், கூப்பிடுகிறார்கள், சில சமயம் மறுநாள் காலை வாசலில் வந்து நிற்கிறார்கள். எண்ணை மட்டும் அனுப்பிய ஆண்டுகளில் அவர்களிடமிருந்து வந்தது கட்டைவிரல் படம்தான்.

கட்டுரை ஏட்டைத் திருத்துவதில் மட்டும் எந்தக் கருவியையும் சேர்க்கவில்லை. சேர்க்கவும் மாட்டேன். சிவப்பு மையோடு உட்கார்ந்து வரி வரியாகப் படித்தால்தான் எந்தப் பிள்ளை எந்த ஊர்ப் பேச்சிலிருந்து எழுத்துக்கு வருகிறது, எங்கே மனம் நிற்கிறது, எங்கே நகலெடுத்திருக்கிறது என்பது தெரிகிறது. பெயர்ப் பட்டியலிலும் கூட்டலிலும் நான் மிச்சம் பிடிக்கும் நேரமெல்லாம் இந்த ஏடுகளுக்குத்தான் போகிறது. முன்பெல்லாம் மாதம் ஒரு கட்டுரையைத் திருத்தித் தருவதே கஷ்டம். இப்போது இரண்டு தர முடிகிறது.

இந்த ஏற்பாடுகளெல்லாம் ஒருவர் கணக்கில் இருப்பதால் ஓர் ஆபத்தும் உண்டு. பணியிட மாறுதல் கலந்தாய்வில் அவர் வேறு பள்ளிக்குப் போய்விட்டால், பின்னால் வருபவர் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஆகவே ஷீட்டைச் சொந்த மின்னஞ்சலில் வைக்காமல் பள்ளிக்கென்று உள்ள மின்னஞ்சல் கணக்கில் உருவாக்குங்கள். பகிரும்போது ‘இணைப்பு உள்ள எவரும்’ என்ற அமைப்பு வேண்டவே வேண்டாம். அந்த இணைப்பு ஒரு குழுவில் தப்பித்தவறி விழுந்தால் நாற்பது குடும்பங்களின் செல்போன் எண்ணும் கணக்கு எண்ணும் ஊருக்கே திறந்துகிடக்கும். இன்னார் பார்க்கலாம், இன்னார் மாற்றலாம் என்று மின்னஞ்சல் முகவரி கொடுத்தே பகிருங்கள். ஆதார் எண்ணைத் தாய்ப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். தேவைப்படும்போது அட்டை நகலைப் பார்த்துக்கொள்ளலாம்.

பள்ளி மாறும்போது நான் செய்வது இவ்வளவுதான். முதல் தாளில், எந்தப் பத்தியில் என்ன சூத்திரம், எதைத் தொடக்கூடாது, எதை ஜூனில் புதுப்பிக்க வேண்டும் என்று தமிழில் பத்து வரி எழுதி வைப்பேன். ‘ஒரு சொல்’ பத்தியை அழித்துவிடுவேன், அது எனக்கும் அந்தப் பெற்றோருக்கும் இடையில் உள்ளது. பத்தாம் வகுப்பு முடித்துப் போனவர்களின் வரிகளை நீக்கிவிடுவேன். வினா வங்கியை முழுதாக விட்டுவிடுவேன். அதன்பின் தலைமை ஆசிரியர் முன்னிலையில் பாஸ்வேர்டை மாற்றி, ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு அவர் கையில் கொடுத்துவிடுவேன். புதிதாக வருபவர் அதே வாரத்தில் அதை மறுபடி மாற்றிக்கொள்ள வேண்டும்.